டேனரித் தண்ணீர் பாய்ந்த மண்ணில் எரு போட்டால் என்ன ஆகும்? ஆம்பூர்ப் பக்கத்து அனுபவம்

"டேனரி தண்ணி பாய்ஞ்ச நிலத்துல எருவைக் கொட்டினா சரியாயிடுமா?" ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நிலம் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் என்னிடம் இந்தக் கேள்விதான் வருகிறது. பாதி சரியாகும் என்றுதான் சொல்வேன். எந்தப் பாதி சரியாகும், எது ஆகாது என்பது தெரியாமல் வண்டி வண்டியாக எரு வாங்கினால் பணம்தான் போகும்.

எங்கள் நிலம் என் மாமனார் வழி வந்தது. பாலாற்றை ஒட்டிய பகுதி. பக்கத்தில் ஒரு கால்வாய் ஓடுகிறது. ஒரு காலத்தில் டேனரிகளிலிருந்து, அதாவது தோல் பதனிடும் இடங்களிலிருந்து, கழிவுத் தண்ணீர் அதில் வந்துகொண்டிருந்தது. அதற்கும் முந்தைய காலத்தில் இங்கே தோலை ஆவாரம்பட்டை போட்டுத்தான் பதனிட்டார்கள் என்று அத்தை சொல்வார். 1970களுக்குப் பிறகு குரோமிய உப்பைப் போட்டுப் பதனிடும் குரோம் முறை பரவியது. ஆனால் நிலத்தை முதலில் பாழாக்கியது குரோமியம் இல்லை, உப்பு. பச்சைத்தோல் கெடாமல் இருக்க மூட்டை மூட்டையாக உப்பு போடுவார்கள். அதைக் கழுவிய தண்ணீர் முழுக்க கால்வாய்க்குத்தான் போனது. தென்னை குரும்பை உதிர்த்து, மட்டை கருகி நின்றதற்குப் பெரிய காரணம் அந்த உப்பு. குரோமியம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணில் தங்கியது.

டேனரி மாசுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் காலூன்றியதும் பலருக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, கழிவு நீரை வெளியே விடாத முறை வந்தது. எங்கள் கால்வாயில் நுரைத் தண்ணீர் வருவது நின்றது. ஆனால் தண்ணீர் நின்றதால் மண்ணில் இருப்பது போய்விடாது. உப்பு மழையில் கரைந்து கீழே இறங்கும், உலோகத்தில் பெரும்பகுதி அப்படி இறங்காது. மக்கவும் மக்காது. எரு போட்டாலும் போகாது. இதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

அப்படியானால் எரு எதற்கு? குரோமியம் மண்ணில் இரண்டு வடிவத்தில் இருக்கும். டேனரியில் பயன்படுத்துவது குரோமியம்-3. இது மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும்; அமிலம் ஏறாத மண்ணில் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, பயிருக்குள்ளும் சுலபமாக ஏறாது. இன்னொன்று குரோமியம்-6, ஹெக்ஸாவேலண்ட் என்பார்கள். இது தண்ணீரோடு ஓடும், கிணற்றுக்கு வரும், வேரைத் தாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, லட்சம் டன்னைத் தாண்டிய கழிவு மேடு இந்த இரண்டாவது ரகம். மக்கிய எருவில் இருக்கும் கரிமப் பொருளும், அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்களும் ஆறை மூன்றாக மாற்றிவிடும். அதோடு மூன்றைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். எரு செய்கிற வேலை இவ்வளவுதான். உலோகம் மண்ணிலேயே இருக்கும், ஆனால் பயிருக்கு அவ்வளவாக எட்டாது. 1990களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் சேர்ந்து வேலூர் மாவட்டத்து டேனரி மண்ணை ஆராய்ந்தார்கள். நாங்கள் செய்ததெல்லாம் அந்த ஆராய்ச்சிகள் காட்டிய வழியில் தான்.

ஒரு சிக்கல் உண்டு. மண்ணில் இயல்பாகவே இருக்கும் மாங்கனீசு ஆக்சைடு இந்த வேலையைத் திருப்பிச் செய்யும், அதாவது மூன்றை ஆறாக்கும். கரிமப் பொருள் நிறைய இருக்கும் வரை இது பெரிதாக நடக்காது. எங்கள் வெயிலுக்குப் போட்ட எரு வேகமாகக் கரைந்து போய்விடுகிறது. அதனால் ஒருமுறை கொட்டிவிட்டு விட்டுவிடுகிற வேலையல்ல இது. வருஷா வருஷம் போட வேண்டும்.

சரி, எவ்வளவு போடுவது? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் "மண் எடையில் 5 சதவீதம் மக்கு உரம்" என்று சுலபமாக எழுதியிருக்கும். தொட்டியில் வளர்த்துப் பார்த்த கணக்கு அது. ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் மட்டுமே சுமார் 900 டன் எடை வரும். அதில் 5 சதவீதம் 45 டன். டிராக்டர் டிரெய்லரில் சுமாராக 20 நடை. வழக்கமாக வேளாண்துறை சொல்வது ஏக்கருக்கு 5 டன் தொழு உரம், அதாவது அரை சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்தபோது என் வீட்டுக்காரர், "நிலத்தை வித்துட்டு எரு வாங்கலாம்" என்றார். அவர் சொன்னது நியாயமான கணக்குதான்.

நாங்கள் எடுத்த முடிவு நிலம் முழுக்கப் பரப்புவதில்லை என்பது. எந்த இடத்தில் பயிர் வேர் விடுமோ அங்கே மட்டும் எரு. பார் பிடித்து, பாரின் மேல்மண்ணில் மட்டும் கலந்தோம். பார்கள் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வரும், அதனால் தேவையும் அந்த அளவுக்குக் குறைந்தது. தென்னைக்கு வட்டப்பாத்தியில் மட்டும். மீதி இடத்துக்குத் தக்கைப்பூண்டு, அதாவது வளர்த்து மண்ணிலேயே மடக்கி உழும் பசுந்தாள் பயிர். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "எரு போட்டா முழுசா போடணும்மா, அங்கங்க தெளிச்சா அது என்ன விவசாயம்" என்று முதல் போகம் முடியும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனால் எருவுக்கு முன்னால் உப்பை வெளியேற்ற வேண்டும். குரோமியம்-6 அதிகம் இல்லாத எங்கள் மண் போன்றதில் இந்த வரிசை மாறக்கூடாது. மண் மாதிரியை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடத்தில் கொடுத்தால் உப்பின் அளவு, கார அமில நிலை, கரிமச் சத்து எல்லாம் பார்த்துச் சொல்வார்கள். உப்பைக் காட்டும் மின் கடத்துத்திறன் (EC) மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் உவர், கார அமில நிலை (pH) 8.5ஐத் தாண்டிச் சோடியமும் ஏறியிருந்தால் களர். எங்களுக்கு இரண்டும் கலந்து இருந்தது. வெயில் காலத்தில் வரப்போரம் வெள்ளையாகப் பூத்துக்கிடக்கும். மழை பெய்தால் மேல்மண் பசை மாதிரி இறுகிக்கொள்ளும். அந்த மண்ணில் எவ்வளவு எரு போட்டாலும் விதை முளைக்காது. சோடியத்தை வெளியேற்ற ஜிப்சம் வேண்டும். அளவை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், பக்கத்து நிலத்துக்காரர் சொல்லக்கூடாது. ஜிப்சத்தைப் போட்டு உழுது, வரப்பை உயர்த்தி, நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்துவிட வேண்டும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? போர்வெல் தண்ணீரே உப்புதான். அதைக் கட்டி உப்பைக் கழுவ முடியாது. எங்களுக்குக் கிடைக்கும் ஒரே நல்ல தண்ணீர் வடகிழக்குப் பருவமழை. அதனால் புரட்டாசிக்குள் ஜிப்சம் போட்டு வரப்பைப் போட்டுவிடுவோம். ஐப்பசி கார்த்திகை மழை மற்ற வேலையைச் செய்யும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்த வருஷம் மண்ணில் உப்பு இறங்கியது போல அதற்கு முன்னும் பின்னும் இறங்கவில்லை. அப்புறம் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினோம். முளைக்கும் பருவத்தில் மட்டும் குட்டைத் தண்ணீர், பயிர் வளர்ந்தபிறகு போர்த் தண்ணீர்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் தேக்கி வடிக்கும்போது குரோமியம்-6 இருந்தால் அதுவும் உப்போடு சேர்ந்து நிலத்தடி நீருக்குப் போகும். எங்கள் மண்ணில் இருந்தது கிட்டத்தட்ட எல்லாமே மூன்று என்று பரிசோதனையில் தெரிந்தபிறகுதான் தண்ணீர் தேக்கினோம். ஆறு அதிகம் உள்ள மண்ணாக இருந்தால் முதலில் எரு, அது வேலை செய்தபிறகே தண்ணீர். குரோமேட் கழிவு மேட்டின் பக்கத்து நிலமென்றால் இதையெல்லாம் நீங்களாகத் தொடவே வேண்டாம்.

பரிசோதனை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் காசு வீணாகிறது. சாதாரண மண் பரிசோதனையில் கன உலோகம் பார்க்க மாட்டார்கள். தனியாகக் கேட்க வேண்டும், தனியார் லேப்பில் கட்டணமும் அதிகம். மொத்தக் குரோமியம், ஹெக்ஸாவேலண்ட் குரோமியம், அதோடு ஈயம், காட்மியம், நிக்கலுக்கு மண்ணிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கும் டிடிபிஏ (DTPA) கரைசலில் வரும் அளவு, இவற்றைக் கேளுங்கள். மொத்த அளவு மண்ணில் எவ்வளவு கிடக்கிறது என்று சொல்லும். டிடிபிஏ அளவு பயிர் தொடக்கூடியது எவ்வளவு என்று சொல்லும். எரு போட்டபிறகு மொத்த அளவு குறையவில்லையே என்று பதறாதீர்கள். அது குறையாது. ஹெக்ஸாவேலண்ட் மாதிரியைக் காயவைக்காமல், குளிர்ச்சியாக வைத்து, உடனே லேப்பில் சேர்க்க வேண்டும். காய்ந்து நாளானால் வரும் எண்ணை நம்ப முடியாது. மாதிரி எடுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டி வேண்டாம், அதிலேயே குரோமியம் இருக்கிறது. மூங்கில் பத்தை, பிளாஸ்டிக் மக் போதும். முக்கியமாக, நிலம் முழுக்க எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். எங்கள் நிலத்தில் கால்வாயோரம் ஒரு கதை, மேட்டுப்பக்கம் வேறு கதை. கலந்து கொடுத்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு எண் வந்திருக்கும், அதை வைத்து ஒன்றும் செய்திருக்க முடியாது.

தக்கைப்பூண்டுக்கு வருகிறேன். எங்கள் நிலத்தில் அதிகம் வேலை செய்தது எது என்று கேட்டால், விலை கொடுத்து வாங்கிய எதுவும் இல்லை, இதுதான் என்பேன். ஏக்கருக்கு 20 கிலோ விதை, களர் மண்ணையும் தாங்கி முளைக்கும், 45 நாளில் பூக்கும்போது மடக்கி உழுதால் டன் கணக்கில் பச்சைத்தழை மண்ணுக்குள் போகும். வேர் இறங்கி இறுகிய மண்ணைத் திறந்துவிடும், தண்ணீர் வடிய வழி கிடைக்கும். மடக்கி உழுதபின் ஈரத்தில் அழுகும் காலத்தில்தான் குரோமியம் மாற்றமும் நன்றாக நடக்கும். இன்னொரு பசுந்தாள் பயிரான சணப்பு எங்களுக்குச் சரிப்படவில்லை, உப்பில் வளராமல் நின்றுவிட்டது.

தென்னை நார்க்கழிவு பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் பச்சையாகப் போடக் கூடாது. அதில் தழைச்சத்தைவிட (நைட்ரஜன்) கரிமம் நூறு மடங்குக்கும் மேல், அப்படியே போட்டால் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் அது இழுத்துக்கொண்டு பயிர் வெளுத்துப்போகும். வேளாண்மைப் பல்கலைக்கழக முறையில் ஒரு டன்னுக்கு 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்து, 5 கிலோ யூரியா என்று அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைத்தபிறகு நல்ல பொருளாகிறது. வாங்கும்போது அதன் உப்பையும் பார்த்துவிடுங்கள். உப்புத் தண்ணீரில் மட்டை ஊறவைத்த இடத்துச் சரக்காக இருந்தால், கழுவி எடுத்த உப்பை நாமே காசு கொடுத்துத் திரும்ப வாங்குவோம். கோழி எருவுக்கும் இதே சந்தேகம் வேண்டும். உப்பும் கூடுதல், தீவனம் வழியாக வந்த தாமிரமும் துத்தநாகமும் கூடுதல். குறைவாக, மக்கவைத்துப் போட்டால் சரி.

நகரக் குப்பை உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உச்சவரம்பு இருக்கிறது: ஒரு கிலோவில் குரோமியம் 50 மில்லிகிராம், ஈயம் 100, காட்மியம் 5, நிக்கல் 50. மூட்டை விற்பவரிடம் அந்தச் சான்றைக் கேளுங்கள். இல்லையென்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். தோல் சீவல், தோல் தூள் கலந்த உரம், "தழைச்சத்து ஜாஸ்தி" என்று யாராவது கொண்டுவந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

வேலிகாத்தான் (சீமைக்கருவேலம்) கரி, அதாவது பயோசார், இப்போது எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. குழி வெட்டிக் குறைந்த காற்றில் சுட்டு எடுக்கும் கரி இது. எரு போலச் சீக்கிரம் கரையாது, பல வருஷம் மண்ணில் இருக்கும், அது பெரிய வசதி. ஆனால் அது காரத்தன்மை உள்ளது. ஏற்கெனவே காரமான எங்கள் மண்ணில் அதிகம் போடப் பயமாக இருந்தது. மக்கு உரத்தோடு கலந்து ஊறவைத்துத் தென்னை வட்டப்பாத்தியில் மட்டும் கொஞ்சம் போட்டோம். அமில மண் உள்ளவர்களுக்கு இது நன்றாகவே உதவும். சுண்ணாம்பும் அப்படித்தான். ஈயமும் காட்மியமும் உள்ள அமில மண்ணில் சுண்ணாம்பு போட்டால் அவை அடங்கும். குரோமியம்-6 உள்ள மண்ணில் போட்டால் அது இன்னும் சுலபமாக ஓடும். ஆர்சனிக் உள்ள மண்ணுக்கோ எருவும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேர்ந்தால் அதைக் கிளப்பிவிடக்கூடும். பழைய பேட்டரி உடைத்த இடத்துக்கு அருகில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் எங்கள் முறையை அப்படியே எழுதிக் கேட்டார். அவருக்கு நான் அனுப்பவில்லை. அவர் மண்ணில் இருப்பது ஈயம், வைத்தியமும் வேறு.

என்ன பயிர் வைப்பது? உப்பைத் தாங்கும் பயிர் என்று பட்டியல் பார்த்தால் பசலைக்கீரையும் பீட்ரூட்டும் முன்னால் நிற்கும். ஆனால் உலோகத்தை அதிகம் இழுப்பதிலும் கீரையும் கிழங்கும்தான் முன்னால் நிற்கின்றன. அதனால் எங்கள் நிலத்தில் கீரை கிடையாது, கிழங்கும் கிடையாது. குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், தானியத்துக்கும் காய்க்கும் போவது குறைவு. முதலில் செண்டுமல்லி போட்டோம். சாப்பிடும் பயிர் இல்லை, ஆம்பூர் பூ மார்க்கெட்டும் பக்கம். அப்புறம் கேழ்வரகு. தண்ணீர் இருந்த வருஷம் களருக்கென்றே வந்த டிஆர்ஒய் 3 நெல். தேங்கிய தண்ணீரில் காற்றில்லாத மண் குரோமியம்-6ஐத் தானாகவே அடக்கிவிடும் என்பதால் நெல்லுக்கு அந்த வகையிலும் வசதி.

சூரியகாந்தி வைத்து உலோகத்தை உறிஞ்சி எடுத்துவிடலாமே என்று யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. வேரைத் தாண்டி மேலேயே ஏறாத குரோமியத்தைச் செடி வைத்து எடுப்பது எங்கள் ஆயுளில் முடியாது. எடுத்தாலும் அந்தச் செடியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

பலரும் கவனிக்காதது மண் தூசி. காயின் உள்ளே ஏறும் உலோகத்தைவிட வெளியே ஒட்டிக்கொண்டு வரும் மண்தான் பல நேரம் அதிகம். மழை அடித்தால் கீழிலை எல்லாம் மண் தெறித்திருக்கும். தென்னை ஓலை மூடாக்கு இதைத் தடுக்கும், ஈரமும் நிற்கும், அது மக்கி எருவும் ஆகும். விளைந்ததைக் களத்தில் மண் தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் காயவைக்கிறோம். பேரப்பிள்ளைகளை அந்தப் பக்க மண்ணில் விளையாட விடுவதில்லை. இதில் மட்டும் அத்தை என்னைவிடக் கறார்.

ஒரு பாத்தியை வேண்டுமென்றே எரு போடாமல் விட்டு வைத்திருக்கிறோம். இரண்டு பக்கத்துக் கேழ்வரகையும் தனித்தனியாக லேப்பில் கொடுத்துப் பார்த்தபோதுதான் எரு வேலை செய்கிறது என்று எனக்கே நம்பிக்கை வந்தது. பயிர் பச்சைப் பசேலென்று இருப்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. உப்பு குறைந்தாலே பயிர் பச்சையாகிவிடும், உலோகம் ஏறுகிறதா இல்லையா என்று இலை சொல்லாது. வீட்டுக்கு வைத்துக்கொள்வதற்கும் விற்பதற்கும் முன்னால் தானியத்தைப் பரிசோதித்துவிடுவோம். கட்டணம் கூடுதல்தான், அதை நிலத்துச் செலவாகவே கணக்கில் எழுதுகிறோம்.

கால்வாயோரப் பட்டையில் இன்னும் உணவுப் பயிர் எதுவும் வைக்கவில்லை. அங்கே மண்ணில் இருக்கும் அளவுக்கு எங்கள் எரு போதாது. சவுக்கு நட்டிருக்கிறோம். அந்தப் பக்கத்துத் தழையை மாட்டுக்கும் போடுவதில்லை, அதன் சருகை எருக்குழிக்கும் கொண்டுவருவதில்லை. அடுத்த ஆவணியில் மேட்டுப்பக்கம் மறுபடி தக்கைப்பூண்டு. விதை இப்போதே சொல்லிவைத்தாயிற்று, கடைசி நேரத்தில் கிடைப்பதில்லை.